மருந்து வேளையில் மிஸ்ஸியை அழைக்கலாமா?

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளிக்கு மருந்தை எழுதிக் கொடுப்பவர் மருத்துவர். அதைக் கணக்கிட்டு எடுத்து வைப்பவர் மருந்தாளர். நோயாளியின் வாயிலோ இரத்தக் குழாயிலோ அதைச் சேர்ப்பவர் தாதி. மருத்துவர் தவறாக எழுதிவிட்டால் மருந்தாளர் கண்டுபிடிக்கக்கூடும். மருந்தாளர் தவறினால் தாதி கண்டுபிடிக்கக்கூடும். தாதிக்குப் பின்னால் நிற்பவர் எவரும் இலர். அவர் கையை விட்டு நீங்கிய மருந்து நோயாளியின் உடலுக்குள் சென்றுவிடுகிறது.

நாம் 'மிஸ்ஸி' என்று அழைக்கும் இத்தாதியரின் பணிகளுள் மருந்து கொடுப்பது மிகுந்த கவனத்தை வேண்டுவது. ஆயினும், வார்டில் அவரைப் பலரும் அழைப்பது அந்த வேளையில்தான். காரணம் எளிது. மற்ற நேரங்களில் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் போக வேண்டும். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதோ அவரே நம் கட்டிலருகில் வந்து நிற்கிறார். நெஞ்சில் அடக்கி வைத்திருந்த கேள்விகளெல்லாம் அப்பொழுது வெளிவருகின்றன. "டாக்டர் எப்போது வருவார், மிஸ்ஸி?" "அப்பாவுக்கு இன்னொரு போர்வை கிடைக்குமா?" "நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?" இவற்றில் எதுவும் தகாத கேள்வியன்று. கேட்பவரும் கெட்ட எண்ணத்துடன் கேட்பதில்லை. ஆனால் கேட்கும் நேரத்தால் விளையக்கூடிய தீங்கு பெரிது. அது எப்படி விளைகிறது, அதைத் தவிர்ப்பதில் நமது பங்கு என்ன என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வண்டியருகே நடப்பது என்ன?

தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தாதி ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுப்பதாகத்தான் தெரியும். அந்த ஒரு செயலுக்குள் பல செயல்கள் அடங்கியுள்ளன. முதலில் நோயாளியின் மருந்துக் குறிப்பைப் படிக்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, நேரம், எவ்வழியாகக் கொடுப்பது என்பவற்றை மனத்தில் வாங்க வேண்டும். பிறகு பெட்டியிலோ புட்டியிலோ ஒட்டியுள்ள சீட்டைப் படித்துக் குறிப்புடன் ஒப்பிட வேண்டும். காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். அம்மருந்து அந்நோயாளிக்கு ஒவ்வாதது என்று எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணி எடுக்க வேண்டும், அல்லது அளந்து ஊசிக்குழலில் ஏற்ற வேண்டும். கட்டிலருகே சென்று, படுத்திருப்பவர் அதே ஆள்தானா என்று உறுதி செய்ய வேண்டும். மருந்து உள்ளே போனதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பின்னரே குறிப்பில் கையெழுத்திட வேண்டும்.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்து சரிகளைத் தாதியர் தம் பயிற்சிக் காலத்திலேயே மனப்பாடமாகக் கற்கின்றனர். கற்றிருப்பதனால் மட்டும் அவை தாமாக நடந்துவிடுவதில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும், ஒவ்வொரு மருந்துக்கும் அவற்றைப் புதிதாகச் செய்தாக வேண்டும். ஒரு வார்டில் இருபது முப்பது பேர் படுத்திருப்பர். ஒருவருக்கே நான்கைந்து மருந்துகள் இருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரே சுற்றில் நூறு முறைக்கு மேல் இச்செயல்களை ஒன்று விடாமல் செய்ய வேண்டிவரும்.

அவற்றுள் கணக்கும் உண்டு. 500 மில்லிலிட்டர் உப்புநீரை 8 மணி நேரத்தில் ஏற்றும்படி மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். பொருத்தியுள்ள குழாய், 1 மில்லிலிட்டருக்கு 20 துளி வீதம் விடுவது. மொத்தம் 10,000 துளி. 8 மணி நேரம் என்பது 480 நிமிடம். ஆகவே நிமிடத்திற்கு ஏறத்தாழ 21 துளி. இவ்வளவையும் மனத்திலோ தாளிலோ கணக்கிட்டு, கைக்கடிகாரத்தில் ஒரு கண்ணும் சொட்டும் துளியில் ஒரு கண்ணுமாகத் தாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது, "மிஸ்ஸி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுமானால் எண்ணிக்கை என்ன ஆகும்? பதினான்கா, பதினேழா? இக்காலத்தில் பல வார்டுகளில் மின்கருவியே துளிகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அக்கருவிக்குள் எண்ணைப் பதிவு செய்யும் விரலும் மனிதருடையதுதான். ஒரு புள்ளியைத் தவறவிட்டால் அளவு பத்து மடங்காகிவிடும்.

இக்குழாய்களையும் கருவிகளையும் பற்றிப் பேசும்போது பாயான் லெப்பாஸை நாம் நினைவுகூராமல் இருக்க இயலாது. 1972ஆம் ஆண்டில் அங்கே சுதந்திர வாணிப வலயம் திறக்கப்பட்டபோது பல தோட்டக் குடும்பங்களின் பெண்மக்கள் உளியையும் வாளியையும் விட்டு மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். அதே 1972இல் அங்கே தொடங்கப்பட்ட பி. பிரவுன் தொழிற்சாலை, உலகின் பல நாட்டு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருத்துவப் பொருள்களைச் செய்து அனுப்பி வருகிறது. ஆக, எங்கோ ஒரு நோயாளியின் கையில் ஏறும் ஊசி நம் பினாங்குத் தீவில் ஒரு பெண்ணின் கைபட்டுச் சென்றதாக இருக்கக்கூடும். தொழிற்சாலையில் வரிசையில் அமர்ந்து வேலை செய்தவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். பேசிக்கொண்டே செய்த வேலை பரிசோதனையில் திரும்பி வந்துவிடும். வார்டில் நடக்கும் வேலைக்கு அப்படித் திரும்பி வரும் வழி கிடையாது.

இடையில் ஒரு குரல்

இடையில் அழைப்பதனால் தவறு எப்படி நேர்கிறது? நமது மனம் ஒரே சமயத்தில் சிலவற்றைத்தான் பிடித்து வைத்திருக்கும். 'கட்டில் எண் 12, வெள்ளை மாத்திரை, அரை' என்று மனத்தில் வைத்திருக்கும் ஒருவரை நாம் அழைக்கும்போது, அவர் நமக்கு விடை சொல்வதற்காக அதைக் கீழே வைக்கிறார். விடை சொல்லி முடித்துத் திரும்பும்போது அதை மீண்டும் கையில் எடுக்க வேண்டும். எடுப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சில வேளைகளில் விட்ட இடத்திற்கு அடுத்த இடத்திலிருந்து தொடங்கிவிடுவார். விடுபட்ட ஒரு படி விடுபட்டதாகவே தெரியாது. இதுதான் இதிலுள்ள ஆபத்து.

எந்த இடத்தில் குரல் எழுந்தது என்பதைப் பொறுத்துத் தவறின் வகையும் மாறும். மருந்தை எடுத்ததற்கும் கொடுப்பதற்கும் இடையில் எழுந்தால், அது வேறொரு கட்டிலுக்குப் போய்விடலாம். ஒரே வார்டில் இரண்டு லெட்சுமிகள், மூன்று முனியாண்டிகள் இருப்பது நம்மிடையே அரிதன்று. கொடுத்ததற்கும் கையெழுத்திடுவதற்கும் இடையில் எழுந்தால் இன்னும் மோசம். கையெழுத்து இல்லாததைக் கண்டு அடுத்த முறைத் தாதி, மருந்து கொடுக்கப்படவில்லை என்று எண்ணி மறுபடியும் கொடுத்துவிடக்கூடும். சீட்டைப் படிக்கும்போது எழுந்தால், ஒன்றுபோல ஒலிக்கும் பெயர்களில் ஒன்றுக்கு மற்றொன்று வந்துவிடலாம். ஹைட்ராலசின் என்பது இரத்தக் கொதிப்புக்கான மருந்து. ஹைட்ராக்சிசின் என்பது அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் கொடுப்பது. நிதானமாகப் படிப்பவருக்கு இரண்டும் வேறு. தலையைத் திரும்பித் திரும்பிப் படிப்பவருக்கோ இரண்டும் ஒன்று.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வது கடினமன்று. விடியுமுன் நெற்றி விளக்குடன் நிரையில் இறங்கி 500, 600 மரங்களைச் சீவி முடிக்கும் தொழிலாளி, ஒவ்வொரு மரத்திலும் உளியின் ஆழத்தைக் கையாலேயே அளக்கிறார். பட்டை மெல்லிதாக வர வேண்டும். உளி சற்று ஆழ்ந்து உள்ளே வளரும் அடுக்கைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். பின்னர் அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். உளி ஓடும் நேரத்தில் பக்கத்து நிரையிலிருந்து கூப்பிட்டால் என்ன நேரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பால் நிறுக்கும் இடத்திலும் அப்படித்தான். கிராணி எடையைப் படித்துப் புத்தகத்தில் எழுதும் அந்த நொடியில் வேறு கணக்கைப் பற்றி யாரேனும் கேட்டால், வரிசையில் நிற்பவர்களே அவரைத் தடுத்து, "எழுதி முடிக்கட்டும்" என்பர். எண் மாறினால் தம் சம்பளம் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் மரத்தில் விழுந்த காயத்தைத் தண்டல் பார்த்துச் சொல்லிவிடுவார். எடைப் புத்தகத்தில் தவறிய எண்ணை மறுநாள் திருத்திக்கொள்ளலாம். தவறிப்போன மருந்து பல நேரங்களில் எவர் கண்ணிலும் படுவதில்லை. நோயாளியின் நிலை மோசமாகும்போது நோய் முற்றிவிட்டது என்றே எல்லாரும் நினைத்துக்கொள்வர்.

எண்கள் கூறுவது

இது வெறும் அச்சமா, மெய்யா என்பதை ஆய்ந்தவர்கள் உளர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இரண்டு பெரிய போதனை மருத்துவமனைகளில் ஜோஹானா வெஸ்ட்புரூக் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 98 தாதியரைப் பின்தொடர்ந்து, 720 நோயாளிகளுக்கு 4,271 முறை மருந்து கொடுக்கப்பட்டதை உடனிருந்து கவனித்தனர். 2010ஆம் ஆண்டில் அதன் முடிவுகள் வெளிவந்தன. பாதிக்கும் அதிகமான தடவைகளில், அதாவது நூற்றுக்கு 53 தடவைகளில், தாதியின் வேலை இடையில் தடைப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடைக்கும், மருந்து அளவு போன்றவற்றில் நேரும் தவறுகள் 12.7 விழுக்காடு கூடியிருந்தன. கடுமையான தவறு நேரும் வாய்ப்பு, தடையேதும் இல்லாதபோது நூற்றுக்கு 2.3 ஆக இருந்தது. ஒரே மருந்தைக் கொடுப்பதற்குள் நான்கு முறை தடைப்பட்டபோது அது 4.7 ஆக, அதாவது இருமடங்காக உயர்ந்தது.

அந்த ஆய்வில் நம்மை வியக்க வைக்கும் இன்னொரு செய்தியும் இருந்தது. நெடுங்கால அனுபவம் பெற்ற தாதியரையும் இத்தவறுகள் விட்டுவைக்கவில்லை. 'அவர் பழுத்த அனுபவசாலி, கண்ணை மூடிக்கொண்டு செய்வார்' என்று நாம் சொல்வதுண்டு. கண்ணை மூடிக்கொண்டு செய்வதுதான் இங்கே கூடாதது.

நம் நாட்டு நிலையையும் பார்ப்போம். 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மலேசிய மருத்துவமனை ஒன்றில் மருந்து கொடுக்கப்பட்ட 1,118 வாய்ப்புகள் கவனிக்கப்பட்டன. அவற்றில் 127இல், அதாவது நூற்றுக்கு 11.4இல், ஏதேனும் ஒரு தவறு இருந்தது. இந்த எண்ணைக் கண்டு யாரும் மருத்துவமனைக்குப் போக அஞ்ச வேண்டியதில்லை. தவறு வகைகளுள் மற்றவற்றைவிட மிகுதியாக நேர்ந்தது நேரம் தவறிக் கொடுத்தது. உயிருக்கு ஆபத்தானவை சிலவே. ஆயினும் அந்தச் சிலவற்றில் ஒன்று யாருடைய கட்டிலில் நேரும் என்பதை முன்கூட்டி அறிய முடியாது. இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்றவற்றில் அளவு மிகுந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இத்தகைய மருந்துகளை மிகு எச்சரிக்கைக்கு உரியவை என்று வகைப்படுத்தி, அவற்றைக் கொடுக்கும்போது இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும் என்னும் முறை மருத்துவமனைகளில் வகுக்கப்பட்டுள்ளது. அவ்வாறு இரு தாதியர் ஓர் ஊசிக்குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதை நாம் கண்டால், அவர்கள் ஓய்வாகப் பேசிக்கொண்டிருக்கின்றனர் என்று எண்ணிவிடக் கூடாது.

பாயான் லெப்பாஸில் இறங்கும் விமானம்

இந்தச் சிக்கலுக்கு மருத்துவ உலகம் விடை தேடியபோது விமானிகளின் உலகத்தைப் பார்த்துக் கற்றது. அந்தக் கதையை அறிந்துகொள்ள நாம் மறுபடியும் பாயான் லெப்பாஸுக்கே போகலாம். 1935இல் திறக்கப்பட்ட பினாங்கு விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. கடல்மேல் தாழ்ந்து வந்து ஓடுபாதையில் இறங்கும் விமானங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழாத பெற்றோர் அவ்வட்டாரத்தில் குறைவு. அவ்வாறு விமானம் இறங்கும் வேளையில் விமானிகளின் அறைக்குள் என்ன பேச்சு நடக்கும் தெரியுமா? விமானத்தை இறக்குவதற்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு எதுவும் நடக்காது.

இவ்வழக்கம் ஒரு பெருந்துயரத்தின் பின்னர் வந்தது. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் காலை, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் நிறுவன விமானம் ஒன்று, மூடுபனிக்கிடையே ஓடுபாதையை அடையுமுன்பே தரையில் மோதி எரிந்தது. அதிலிருந்த 82 பேரில் 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விமானத்தில் கோளாறு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. இறங்கும் நேரத்தில் விமானிகள் இருவரும் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர் என்பது ஒலிப்பதிவிலிருந்து தெரியவந்தது. உயரத்தைக் கவனிக்க வேண்டிய கண்கள் கவனிக்கத் தவறிவிட்டன. இதையும் இதுபோன்ற பிற விபத்துகளையும் ஆராய்ந்த அமெரிக்க அரசு, 1981இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. விமானம் 10,000 அடிக்குக் கீழே இருக்கும்போது, பறப்பதற்குத் தேவையற்ற எந்தப் பேச்சும் எந்த வேலையும் கூடாது; பணிப்பெண்களும் ஆபத்து இருந்தாலன்றி விமானிகளை அழைக்கக் கூடாது என்பது அவ்விதி. பிற நாடுகளிலும் அவ்வழக்கம் பரவியது.

தாதி மருந்து வண்டியருகே நிற்கும் நேரமும் விமானம் தரையிறங்கும் நேரம் போன்றதே என்று சில மருத்துவமனைகள் எண்ணின. மருந்து எடுக்கும் இடத்தைச் சுற்றித் தரையில் சிவப்புக் கோடு வரைந்தன. மருந்து கொடுக்கும் தாதி, 'மருந்து வழங்கும் பணியில் இருக்கிறேன், அழைக்க வேண்டா' என்று எழுதிய வண்ண மேலங்கியை அணிந்துகொள்ள வேண்டும் என்று சில விதித்தன.

மேலங்கியால் முழுப் பயன் விளைந்ததா? அதையும் வெஸ்ட்புரூக் குழுவினரே ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். மருந்துக்குத் தொடர்பில்லாத தடைகள், 100 முறை மருந்து கொடுப்பதற்கு 50 என்றிருந்தது 34ஆகக் குறைந்தது. குறைந்ததே தவிர நின்றுவிடவில்லை. அங்கியை அணிந்து கழற்றுவது நேரத்தை வாங்குகிறது, புழுக்கமாக இருக்கிறது என்று தாதியர் முறையிட்டனர். அம்முறையை நிலையான விதியாக்குவதை அவர்களுள் பாதிக்கும் குறைவானோரே ஆதரித்தனர். சிட்னியிலேயே புழுக்கம் என்றால், நம் நாட்டு வெயிலில் எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே துணியால் மட்டும் இச்சிக்கல் தீராது என்பதே நமது கருத்து.

அழைப்பவர் யார்?

இவ்விடத்தில் ஒரு நியாயத்தைக் கூறிவிட வேண்டும். தாதியின் வேலையைத் தடுப்பவர்கள் நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் மட்டுமே என்று எண்ணுவது தவறு. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், மிகுதியாகக் குறுக்கிட்டவர்கள் சக தாதியரே. மருத்துவர்கள், தொலைபேசி, குறையாக இருக்கும் பொருள்கள், ஒலி எழுப்பும் கருவிகள் என்று மேலும் பல உள. சாவி எங்கே, புது நோயாளிக்கு எந்தக் கட்டில், ஆய்வுக்கூடத்துக்கு இரத்தம் போயிற்றா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டேயிருப்பது வார்டின் இயல்பு. ஆட்கள் குறைவாக இருக்கும் வார்டில் இது இன்னும் பெருகும். ஒருவரே மருந்தும் கொடுத்து, தொலைபேசியும் எடுத்து, வந்தவருக்கு வழியும் சொல்ல வேண்டியிருந்தால், குற்றம் அந்த ஒருவருடையது ஆகாது.

தவறு நேர்ந்ததும் தாதியைப் பிடித்துத் தண்டிப்பதனால் பயன் குறைவு என்பதை இப்பொழுது மருத்துவ நிர்வாகங்கள் உணர்ந்து வருகின்றன. தண்டனைக்கு அஞ்சுபவர் தவறை மறைப்பார். மறைக்கப்பட்ட தவறு மறுபடியும் நிகழும். எனவேதான் நமது சுகாதார அமைச்சு 2009இல் மருந்துப் பிழைகளை அறிவிப்பதற்கென ஒரு முறையை ஏற்படுத்தியது. 2013இல் நோயாளிகளின் பாதுகாப்புக்கான தேசிய இலக்குகளும் அறிவிக்கப்பட்டன. நோயாளியை இரண்டு அடையாளங்களைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும் என்பதும், மருந்துப் பாதுகாப்பும் அவ்விலக்குகளில் அடங்கும். உலகச் சுகாதார நிறுவனமும் தன் பங்கிற்கு 2017ஆம் ஆண்டில், தீங்கில்லா மருந்து என்னும் இயக்கத்தைத் தொடங்கியது.

இரண்டு அடையாளங்கள் என்பதனை நம்மவர்கள் அறிந்திருப்பது நல்லது. நேற்றுப் பெயர் கேட்ட அதே தாதி இன்றும் கேட்கிறார். காலையில் கேட்டவர் மாலையிலும் கேட்கிறார். "நான்தான் தெரியுமே மிஸ்ஸி, நாலு நாளாய் இங்கேதானே இருக்கிறேன்" என்று சலித்துக்கொள்வோர் உளர். அவர் நம்மை மறந்துவிட்டுக் கேட்கவில்லை. முழுப் பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் நம் வாயாலேயே சொல்லச் செய்வது விதி. "நீங்கள் லெட்சுமிதானே?" என்று கேட்டால், காது மந்தமான பாட்டியோ அரைத் தூக்கத்தில் இருப்பவரோ எதற்கும் தலையாட்டிவிடுவர். அதனாலேயே "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கின்றனர். கேட்கும்போது தகப்பனார் பெயருடன் முழுமையாகச் சொல்வது நோயாளியின் கடமை. கையில் கட்டியுள்ள பெயர்ப் பட்டையை, உறுத்துகிறது என்று அவிழ்த்துவிடவும் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி

மருந்து வேளையில் தாதியை அழைக்கக் கூடாது என்று கூறும்போது, நம்மவரிடையே வேறொரு தீமை விளைந்துவிடுமோ என்ற அச்சமும் நமக்கு உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் பலர், பெரிய மருத்துவமனையின் வாசலை மிதித்ததும் வாயை மூடிக்கொள்பவர்கள். மொழி ஒரு தடை; வெள்ளைச் சட்டை ஒரு தடை. கொடுத்ததை விழுங்குவதே மரியாதை என்று கருதுவர். அந்நாளில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மருந்தை ஒரே மடக்கில் குடித்த பழக்கம் தலைமுறை கடந்தும் நிற்கிறது போலும். டிரெசர் கொடுத்தார், குடித்தோம் என்பதற்கு மேல் அக்காலத்தில் கேள்வி கிடையாது.

இப்படிப்பட்டவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டு மேலும் மௌனமாகிவிட்டால் அது பெருங்கேடு. ஏனெனில், தாதிக்குப் பின்னால் நிற்பவர் எவரும் இலர் என்று தொடக்கத்தில் கூறினோம். உண்மையில் ஒருவர் இருக்கிறார். அவர் நோயாளியே. "நேற்று வரை மஞ்சள் மாத்திரை ஒன்றுதான் கொடுத்தார்கள், இன்று ஏன் இரண்டு?" என்று கேட்பது குறுக்கீடு ஆகாது. "பென்சிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்வதும், "காலையிலேயே இந்த ஊசி போட்டாயிற்றே" என்று சொல்வதும் அவ்வாறே. மருந்து கையில் இருக்கும்போது அதே மருந்தைப் பற்றிக் கேட்கும் கேள்வி தாதியின் கவனத்தைச் சிதறடிப்பதில்லை. அந்த மருந்தின்மேல்தான் அதைத் திருப்புகிறது. அனுபவமுள்ள தாதி அக்கேள்வியைக் கேட்டதும் நின்று குறிப்பை மீண்டும் பார்ப்பார். தமிழில் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. தமிழறிந்த ஒருவரை அழைத்து வரும்படி கேட்கலாம். மாத்திரையைக் காட்டி விரலால் சைகை செய்தாலும் போதும். விளங்கும்வரை விழுங்காமல் கையில் வைத்திருக்க எவருக்கும் உரிமை உண்டு.

ஆபத்தும் அப்படித்தான். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறது, ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார், இரத்தம் பெருகுகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் எந்த வண்டியருகே நின்றாலும் தாதியை உடனே அழைக்க வேண்டும். அழைக்காமல் இருப்பதுதான் குற்றம். போர்வை, தண்ணீர், ஜன்னல், மின்விசிறி, வீட்டுக்குப் போகும் நாள் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளோ மருந்து வண்டி நகர்ந்து போகும்வரை காத்திருக்கும்.

உறவினர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைகளில் பொதுவாக நண்பகலிலும் மாலையிலும் பார்வையாளர் நேரம் அமைகிறது. மருந்துச் சுற்றும் பெரும்பாலும் அவ்வேளைகளை ஒட்டியே வருகிறது. நிபோங் திபால் பக்கமிருந்தோ கூலிமிலிருந்தோ வேலையை முடித்து, இரண்டு பேருந்து மாறிப் பாலத்தைக் கடந்து பினாங்குப் பெரிய மருத்துவமனைக்கு வருபவருக்குக் கையில் இருப்பது ஒரு மணி நேரம். கேட்க வேண்டியதையெல்லாம் அதற்குள் கேட்டாக வேண்டும் என்னும் பதற்றம் இயற்கையே. அவர்களுக்கு நாம் கூறும் வழி ஒன்று உண்டு. குடும்பத்தில் ஒருவரை மட்டும் கேட்பதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து வண்டி நடமாடும்போது அதை எடுக்காமல், சுற்று முடிந்ததும் வார்டு மேசைக்குச் சென்று ஒருமுறையாகக் கேளுங்கள். ஐந்து பேர் ஐந்து முறை கேட்பதைவிட ஒருவர் ஒருமுறை கேட்பதற்குத் தெளிவான விடை கிடைக்கும். தாதியின் மேசைக்குத் தொலைபேசி செய்வதையும் அப்படியே ஒருவரிடம் விட்டுவிடலாம். ஒரு நோயாளிக்காக ஆறு பேர் மாறிமாறி அழைத்தால், அந்த மணியோசையில் இன்னொரு நோயாளியின் மருந்து தவறக்கூடும்.

வீட்டில் மருந்து கொடுப்பவர்

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் தாதியின் வேலை வீட்டிலுள்ள ஒருவருக்கு வந்துவிடுகிறது. இனிப்பு நீர் உள்ளவர்கள் இல்லாத வீடு நம்மிடையே குறைந்து வருகிறது. அப்பாவுக்கு இன்சுலின் போடும் மகளோ, பேரனுக்கு இருமல் மருந்து ஊற்றும் பாட்டியோ படித்த தாதியர் அல்லர். அவர்களுக்குச் சரிபார்க்க இன்னொருவரும் இல்லை. சமையல் அடுப்பில் கொதிக்கிறது, தொலைக்காட்சி முழங்குகிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். அதற்கு நடுவே ஊசிக்குழலில் 10 யூனிட்டா 16 யூனிட்டா என்று கோட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கும் தாதியின் முறையையே கடைப்பிடிக்கலாம். இன்சுலினை அளப்பதற்கு வீட்டில் வெளிச்சமுள்ள ஓர் இடத்தை ஒதுக்கிக்கொள்ளலாம். அவ்விடத்தில் அவர் நிற்கும்போது பேசக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தால் ஓரிரு நாளில் பழகிவிடுவர். போட்டவுடன், வேறு எதையும் செய்யுமுன், சுவரில் தொங்கும் நாட்காட்டியின் அன்றைய தேதியில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். காலையில் ஒரு கோடு, மாலையில் ஒரு கோடு. "போட்டாயிற்றா, இல்லையா?" என்ற ஐயம் பிறகு எழுந்தால் நாட்காட்டி விடை சொல்லும். அதிலும் ஐயம் தீராவிட்டால் நினைவை நம்பி இரண்டாவது ஊசி போட்டுவிடக் கூடாது. சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் உயிரிழப்பும் நேரலாம். சோதனைக் கருவி வீட்டில் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்த்துக்கொண்டு, அருகிலுள்ள சுகாதார நிலையத்தைக் கேட்டு அதன்படி செய்ய வேண்டும்.

இருமல் மருந்தைச் சமையல் கரண்டியால் அளக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். புட்டியுடன் தரும் அளவுக் குவளையிலோ ஊசியில்லாக் குழலிலோ மில்லிலிட்டர் கோடு தெளிவாக இருக்கிறது. ஊற்றிக்கொண்டிருக்கும்போது யாரேனும் கூப்பிட்டு, எவ்வளவு ஊற்றினோம் என்பது மறந்துவிட்டால், ஊற்றியதைக் கீழே கொட்டிவிட்டு மீண்டும் முதலிலிருந்து அளக்க வேண்டும். வார்டில் நல்ல தாதி செய்வதும் இதுவே. இடையில் அழைக்கப்பட்டவர் விட்ட இடத்திலிருந்து தொடராமல், மருந்துக் குறிப்பின் முதல் வரிக்குத் திரும்பிப் போகிறார். அவர் அப்படித் திரும்பிப் போவதைக் கண்டு, 'ஏன் இவ்வளவு தாமதம்?' என்று கட்டிலில் இருப்பவர் முணுமுணுக்க வேண்டியதில்லை.